பதினேழு ஸ்லைடும் ஒரு கழிவுநீர்த் தொட்டியும்

ஞாயிற்றுக்கிழமை காலையில், தின்ற மசால்தோசை இன்னும் செரிக்காத ஒரு கூட்டத்தின் முன்னால் நின்றுகொண்டு, அவர்கள் வீட்டுக் கழிவறைத் தண்ணீர் அப்புறம் எங்கே போகிறது என்று சிரித்த முகத்தோடு விளக்குவது என் தொழில்.

நாலு பேர் முன்னால் பேசப்போய், அதில் மூன்று பேர் போனைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். ஆபீஸ் மீட்டிங்காக இருக்கலாம், பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டமாக இருக்கலாம், கல்யாண ரிசப்ஷனில் கையில் திணித்த மைக்காக இருக்கலாம். அந்த வகையில் நாமெல்லாம் ஒரே வார்டில் படுத்திருக்கும் நோயாளிகள். உங்களிடம் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

பெங்களூரில் பெரிய அபார்ட்மென்ட் எதுவானாலும் பேஸ்மென்டில் எஸ்.டி.பி. என்று ஒன்று இருக்கும். வீடுகளிலிருந்து வரும் கழிவுநீரைத் தொட்டி தொட்டியாக ஓடவிட்டு, காற்றடித்து, வடிகட்டி, செடிக்கும் ஃப்ளஷுக்கும் திருப்பி அனுப்புகிற நிலையம். அதைப் பராமரிப்பது எங்கள் கம்பெனி. அடுகோடியில் ஒரு டயர் கடைக்கு மேலே ஆபீஸ், சந்தாபுராவில் லேப். அந்த லேபில் நான் எட்டு வருஷம் இருந்தேன். ஊரிலுள்ள தொட்டிகளிலிருந்தெல்லாம் பாட்டிலில் வரும் தண்ணீரைத் திறந்து பரிசோதித்து ரிப்போர்ட் எழுதுவது வேலை. அந்த நாற்றம் எந்த சோப்புக்கும் அடங்காது. பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் காலி. மர்பி டவுனில் எங்கள் மாதா கோயிலில், பூசை நடுவே சமாதானம் சொல்லும்போது எல்லோரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கைகூப்புவார்கள். எனக்கு மட்டும் ரெண்டு பெஞ்ச் தள்ளியிருந்து கும்பிடு வரும்.

அதனால்தான், அபார்ட்மென்ட் அபார்ட்மென்டாகப் போய் பிரசன்டேஷன் கொடுத்துக்கொண்டிருந்த தீபக் வேலையை விட்டதும், நானே போய் முதலாளி முரளி சாரிடம் அந்த இடத்தைக் கேட்டேன். "மூணு மாசம் டைம் ஸ்டெல்லா. ஒரே ஒரு அபார்ட்மென்ட்ல கையெழுத்து வாங்கிட்டு வா, சீட் உனக்கு. இல்லைன்னா சுனிலுக்கு. நீ மறுபடி சந்தாபுரா" என்றார். சுனில் அவர் மனைவியின் தம்பி, எம்.பி.ஏ. படித்தவன். சார் எங்கோ ஒரு ரிசார்ட்டில் ரெண்டு நாள், சபையில் திறமையாகப் பேசுவது எப்படி என்று பயிற்சி எடுத்துவிட்டு வந்திருந்தார். அங்கே குறிப்பெடுத்த நோட்டையும், பதினேழு ஸ்லைடையும், புரொஜெக்டர் தூக்க மஞ்சுநாத் என்ற டெக்னீஷியனையும் என்னிடம் ஒப்படைத்தார். எனக்குச் சந்தாபுராவுக்குத் திரும்பிப் போக இஷ்டமே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வரும் அசட்டுத்தனம் அத்தனைக்கும் அதுதான் காரணம்.

கேள்வியோடு ஆரம்பி

நோட்டின் முதல் வரி: "ஆரம்பித்ததும் ஒரு கேள்வி கேள், சபை உன் கைக்குள்." ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு அபார்ட்மென்ட். முதல் நாள் என்பதால் இஸ்திரி மடிப்புக் கலையாத காட்டன் புடவை, கழுத்தில் அடையாள அட்டை. மைக்கைப் பிடித்து, "நீங்க ஃப்ளஷ் பண்ற தண்ணி எங்க போகுதுன்னு உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்?" என்று கேட்டேன்.

மளமளவென்று கைகள் உயர்ந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு அம்மா எழுந்து, "எங்க வீட்டு பாத்ரூமுக்கு வருது" என்றார். யாருடைய தண்ணீர் என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "பி பிளாக்கோடது" என்றார் அவர். உடனே பி பிளாக் மொத்தமும் எழுந்தது. பைப்பை மாற்றச் சொன்னது யார், மூன்றாம் மாடியிலிருந்து டயப்பரைப் போட்டது யார், கமிட்டியைக் கேட்காமல் பிளம்பரைக் கூப்பிட்டது யார் என்று முக்கால் மணி நேரம் ஓடிப்போயிற்று. இரண்டாவது ஸ்லைடு வரவே இல்லை. மஞ்சுநாத் புரொஜெக்டரை அணைத்துவிட்டு சமோசா இருந்த மேஜைப் பக்கம் போய்விட்டான். சங்கத் தலைவர் என்னை லிஃப்ட் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். ரொம்ப மரியாதையான மனிதர்.

"நல்லா பேசினீங்க மேடம். அடுத்த தடவை வந்தா கேள்வி மட்டும் கேக்காதீங்க, நேரா பதிலைச் சொல்லிட்டுப் போயிடுங்க."

தலையாட்டும் முகத்தைத் தேடு

கூட்டத்தில் சிநேகமாகத் தலையாட்டும் ஒரு முகத்தைக் கண்டுபிடித்து, அதைப் பார்த்துப் பேசினால் பயம் தெளியும் என்று எழுதியிருந்தார் சார். இது உண்மை. ஹெப்பாலில் ஒரு கிளப் ஹவுஸில், இரண்டாவது வரிசை ஓரத்தில் அப்படி ஒருவர் கிடைத்தார். முழுக்கைச் சட்டை, மடியில் டயரி. நான் எதைச் சொன்னாலும் தலையாட்டினார். சில இடத்தில் எழுதிக்கொண்டார். எட்டு வருஷம் யாரும் நான் சொல்வதைக் கேட்டதில்லை. மற்ற அறுபது பேரையும் மறந்துவிட்டு அவருக்காகவே பேசினேன். நல்ல தொட்டியில் தண்ணீர் ஃபில்டர் காபி நிறத்தில் இருக்கும், கெட்டுப்போனால் டிகாக்ஷன் மாதிரி கறுத்துவிடும் என்று நானே யோசித்து வைத்திருந்த உதாரணத்தைச் சொன்னபோது, அவர் அதைக் கோடு போட்டு எழுதிக்கொண்டதைப் பார்த்தேன்.

முடிந்ததும் இறங்கிப்போய், "சார் எந்த பிளாக்?" என்று கேட்டேன். அவர் அந்த அபார்ட்மென்டே இல்லை. எங்களுக்குப் போட்டிக் கம்பெனி. பன்னிரண்டு மணிக்கு அவருடைய பிரசன்டேஷன், சீக்கிரமே வந்துவிட்டாராம். பத்து நாளில் கான்ட்ராக்டும் அவருக்கே போயிற்று. என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு அன்று அவர் சொன்னது இது:

"ரொம்ப உபயோகமா இருந்துச்சு மேடம். அந்த காபி மேட்டரை மட்டும் நான் எடுத்துக்கறேன், ஒண்ணும் நினைச்சுக்காதீங்க."

சபையின் பாஷையில் பேசு

எந்த சபை, எந்த பாஷை? பானசவாடியில் ஒரு கூட்டம். முன்வரிசையில் கன்னடம், நடுவில் ஹிந்தி, ஜன்னலோரம் தமிழ், கடைசி வரிசையில் எதற்கெடுத்தாலும் இங்கிலீஷ். நான் ஒவ்வொரு வாக்கியத்தையும் நாலு பாஷையில் சொல்லத் தீர்மானித்தேன். ஒரு ஸ்லைடுக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. நோட்டில் "ஒரு ஜோக் சொல்" என்று இருந்ததால் பாக்டீரியாவைப் பற்றி ஒரு ஜோக்கும் வைத்திருந்தேன். அதையும் நாலு தடவை சொன்னேன். சிரிப்பு தவணை முறையில் வந்தது. ஹிந்திக்காரர்கள் சிரித்தபோது கன்னடக்காரர்கள் தங்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்கள். வெளியே வரும்போது, ரயில்வேயில் ஊர் ஊராக மாற்றலாகி ரிட்டயரான ஒரு பெரியவர் என்னை நிறுத்தினார்.

"எனக்கு நாலு பாஷையும் தெரியும்மா. ஒரு ஜோக்குக்கு நாலு தடவை சிரிக்காம இருந்தது என் சர்வீஸ்லயே இதான் முதல் தடவை."

வீட்டில் ஒத்திகை பார்

என் வீட்டுக்காரர் ஆரோக்கியம் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். பொறுமைசாலி. ஒத்திகைக்கு அவரைத்தான் உட்காரவைத்தேன். உதாரணங்கள் வீட்டுப் பொருளாக இருக்க வேண்டும் என்பது நோட்டின் கட்டளை. அவர் இரண்டாவது தடவை சாதம் போட்டுக்கொண்ட நேரம் பார்த்து, சாம்பார்க் கரண்டியைத் தூக்கிப் பிடித்து, மேலே தெளிவாக நிற்பது எது, கீழே போய்த் தங்குவது எது, மிதக்கும் எண்ணெயை எப்படி வழித்தெடுப்போம், அடியில் தங்கியதை எந்த லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும் என்று எடுத்துக்காட்டினேன். தெளிவாகத்தான் சொன்னேன். அவர் தட்டை மெல்லத் தள்ளிவைத்தார்.

"ஸ்டெல்லா, நீ எங்க வேணா போய் பேசு, நான் வேணாங்கல. ஆனா இனிமே இந்த வீட்ல சாம்பாரை இதுக்குள்ள இழுக்காத."

தயங்காமல் உள்ளே போ

"யாரிடமும் வழி கேட்டு நிற்காதே, உனக்காகவே சபை கூடியிருக்கிறது என்ற மிடுக்கோடு நுழை." இப்படிச் சாருக்குச் சொல்லிக்கொடுத்தது யாரென்று தெரிந்தால் நான் நேரில் பார்த்துப் பேச வேண்டும். எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஒரு அபார்ட்மென்ட், கிளப் ஹவுஸில் கீழே ஒரு ஹால், மேலே ஒரு ஹால். கீழே ஐம்பது பேர் நாற்காலி போட்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். மிடுக்கோடு நுழைந்தேன். அதுதான் என் வாழ்க்கையின் மிகச் சிறந்த பிரசன்டேஷன் என்று இன்றைக்கும் சொல்வேன். ஒருவரும் எழுந்து போகவில்லை. ஒருவரும் போன் எடுக்கவில்லை. பதினேழு ஸ்லைடும் ஓடின. "இன்னும் ஏதாவது சொல்லும்மா, நேரம் இருக்கு" என்று ஒரு தாத்தா கேட்டதால் முதல் ஐந்து ஸ்லைடை இன்னொரு தடவை காட்டினேன். எனக்குள் கையெழுத்து விழுந்துகொண்டே இருந்தது.

அவர்கள் சர்க்கரை நோய்ப் பரிசோதனை முகாமுக்கு வந்தவர்கள். வெறும் வயிற்றில் ஒரு ரத்தம் கொடுத்து, டிபன் சாப்பிட்டு, அடுத்த ரத்தத்துக்கு ரெண்டு மணி நேரம் கட்டாயம் உட்கார்ந்திருக்க வேண்டியவர்கள். எங்களைக் கூப்பிட்ட கமிட்டி மேல் ஹாலில் இருபது நிமிஷம் காத்திருந்து பார்த்துவிட்டுக் கலைந்துபோயிருந்தது. இது எதுவும் எனக்கு அப்போது தெரியாது. கேள்வி நேரம் என்று அறிவித்தேன். முன்வரிசை அம்மாள் ஒருவர் சட்டென்று எழுந்து புடவைத் தலைப்பை ஒதுக்கி, கையை என் முன்னால் நீட்டினார்.

"எல்லாம் நல்லா புரிஞ்சுது கண்ணு. இன்னொரு ரத்தம் நீயே எடுத்துடுவியா, வேற ஆளு வருவாங்களா?"

கண்ணால் பார்த்தால் நம்புவார்கள்

ரெண்டு மாதம் ஓடிவிட்டது. ஆபீஸுக்குச் சுனில் அடிக்கடி வர ஆரம்பித்தான். என் நாற்காலியில் உட்கார்ந்து உயரத்தைச் சரிசெய்துகூடப் பார்த்தான். பேச்சு எடுபடவில்லை என்றால் பொருளைக் காட்டு என்று நோட்டில் இருந்தது. அல்சூர் மார்க்கெட் பக்கம் ஒரு தங்கமீன் வாங்கி, நாங்கள் சுத்திகரித்த தண்ணீரில் விட்டு, கண்ணாடி ஜாடியோடு கிளம்பினேன். இந்தத் தண்ணீரில் மீனே பிழைக்கிறது, உங்கள் ரோஜாச் செடிக்கு என்ன கேடு என்பது வாதம். அபார்ட்மென்ட் கேட்டில் செக்யூரிட்டி தடுத்தார். வளர்ப்புப் பிராணி என்றால் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டுமாம். மீனுக்கு ஏது தடுப்பூசி என்று மஞ்சுநாத் கன்னடத்தில் கால் மணி நேரம் வாதாடினான். கடைசியில் என் பெயர், மஞ்சுநாத்தின் பெயர், அதற்கடுத்து "மீன் ஒன்று, விசிட்டர்" என்று பதிவாகி உள்ளே போனோம்.

வாதம் நன்றாகவே போயிற்று. கேள்வி நேரத்தில் பதினோரு கேள்வி வந்தது. மீன் என்ன சாப்பிடும், தூங்குமா, ஏன் ஒரே பக்கமாகச் சுற்றுகிறது, ஒற்றையாக இருந்தால் ஏங்கிப்போகாதா, பெயர் என்ன. எஸ்.டி.பி. என்ற சொல்லை ஒருவரும் வாயில் எடுக்கவில்லை. பெயர் வைக்கவில்லை என்று சொன்னதும் கூட்டத்துக்கு என்மேல் இருந்த மரியாதை கொஞ்சம் குறைந்ததையும் கவனித்தேன். கமிட்டியில் பொருளாளராக இருந்த பெண்மணி ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டு வாசல்வரை வந்தார்.

"கான்ட்ராக்டைப் பத்தி அடுத்த மீட்டிங்ல பேசறோம் மேடம், இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. இவனை இங்கேயே விட்டுட்டுப் போங்க, பாத்துக்கறோம்."

சபைக்கு இல்லையென்று சொல்லாதே

மீன் போனபின் பாட்டிலுக்கு மாறினேன். ஒரே மாதிரி இரண்டு பாட்டில். ஒன்றில் கடையில் வாங்கிய குடிதண்ணீர், இன்னொன்றில் எங்கள் தொட்டித் தண்ணீர். எது எது என்று சொல்லுங்கள் பார்க்கலாம் என்று சவால் விடுவேன். மாரத்தஹள்ளியில் அரைக்கால் சட்டை போட்ட ஒருவர், "அவ்வளவு சுத்தம்னா குடிச்சுக் காட்டுங்க" என்றார். இது செடிக்கும் ஃப்ளஷுக்கும்தான், குடிப்பதற்கில்லை என்று விளக்கினேன். "அதானே பாத்தேன்" என்று அவர் உட்கார்ந்தார். ஹாலே சிரித்தது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

அப்போது மஞ்சுநாத் எழுந்தான். ஒரு பாட்டிலை எடுத்தான், மூடியைத் திருகினான், நாலு மடக்குக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான். கைதட்டல் அடங்கவே இல்லை. கையெழுத்துதான் போடவில்லை, யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். ஆனாலும் எனக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. திரும்பி வரும்போது ஆட்டோவில், "சமயத்துல மானத்தைக் காப்பாத்தினே மஞ்சு. கரெக்டா குடிதண்ணி பாட்டிலா பாத்து எடுத்தே பாரு" என்றேன். சில்க் போர்டு சிக்னலில் ஆட்டோ நின்றதும் அவன் என் பக்கம் திரும்பினான்.

"ஸ்டெல்லாக்கா, குடிதண்ணி பாட்டிலைத்தான் என் பக்கம் வெச்சிருப்பீங்கன்னு நான் நினைச்சேன். நீங்க பாத்து வெக்கலியா?"

புன்னகையை விடாதே

மஞ்சுநாத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ரெண்டு நாள் லீவு போட்டான், அவ்வளவுதான். ஆனால் என் கெடு முடிந்துவிட்டது. சர்ஜாபூர் ரோட்டில் ஒரு அபார்ட்மென்ட், அதுதான் கடைசி ஞாயிறு. சார் சுனிலையும் கூட அனுப்பியிருந்தார், "பாத்துக் கத்துக்கட்டும்" என்று. கோட்டுப் போட்டு, சொந்த லேப்டாப்போடு கடைசி வரிசையில் உட்கார்ந்தான். எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும், நாளைக் காலையில் இவன் என் நாற்காலியில் இருப்பான், நான் சந்தாபுரா பஸ்ஸில் இருப்பேன். இதை நினைத்து முந்தின நாள் முழுக்க எரிச்சலாக இருந்தேன். ஆரோக்கியத்திடம் காரணமில்லாமல் ரெண்டு தடவை சண்டை போட்டேன்.

அந்த அபார்ட்மென்டின் சங்கத் தலைவி பத்மாவதி அம்மாள், ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ரிட்டயரானவர். பாடம் ஒப்பிக்கப் போகிற பிள்ளையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். நோட்டின் கடைசி வரி, "என்ன நடந்தாலும் புன்னகையை விடாதே." புன்னகையோடு முதல் ஸ்லைடைப் போட்டேன். புழுக்கமாக இருக்கிறதென்று யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். பேஸ்மென்ட் பக்கத்திலிருந்து காற்று வீசியது. எட்டு வருஷப் பழக்கம், என்னையறியாமல் மூக்கைச் சுளித்துவிட்டேன். உடனே பல்லைக் காட்டிச் சமாளித்தேன். ஹெட்மிஸ்ட்ரஸிடம் அதெல்லாம் நடக்குமா?

"நில்லும்மா. என்ன அது, மூஞ்சி அப்படிப் போச்சு?"

"ஒண்ணுமில்லை மேடம். அடுத்த ஸ்லைடுல..."

"ஸ்லைடு கிடக்கட்டும். இதுவரைக்கும் மூணு கம்பெனி வந்து படம் காட்டிட்டுப் போயிட்டாங்க. நீ அந்த மூஞ்சிக்கு அர்த்தம் சொல்லு."

வாடிக்கையாளர் வீட்டுக் குறையை முதலிலேயே சொல்லக் கூடாது என்று நோட்டில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. இனி அந்த நோட்டு இருந்தால் என்ன, போனால் என்ன என்று எனக்குத் தோன்றியது. "நாத்தம் காலைலதானே அதிகமா இருக்கு? சாயந்திரம் ஆனா குறைஞ்சிடுதா?" என்று கேட்டேன். ஹாலில் எல்லோரும் ஆமாம் என்றார்கள். "அப்போ ராத்திரி யாரோ தொட்டிக்குக் காத்தடிக்கற ப்ளோயரை நிறுத்தறாங்க. காத்து இல்லாம தொட்டி ராத்திரி முழுக்க அழுகுது. காலைல மறுபடி போட்டதும் அந்த நாத்தம் மொத்தமும் கிளம்பி மேல வருது. மெஷின்ல கோளாறு இருந்தா நாள் முழுக்க நாறும். இது மெஷின் இல்லை, மனுஷன்" என்றேன்.

மேடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த சங்கத்தின் செக்ரட்டரி தன் செருப்பைப் பார்க்க ஆரம்பித்தார். ப்ளோயர் அறைக்கு நேர் மேலே அவருடைய படுக்கை அறை. அந்தச் சத்தத்தில் தூக்கம் வரவில்லையென்று ஆபரேட்டரிடம் சொல்லி, தினமும் பத்து மணிக்கு மேல் நிறுத்த வைத்திருக்கிறார். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்கன்னு நினைச்சேன்" என்றார். அதன்பின் நடந்த கூச்சலை நான் எழுதப்போவதில்லை, அவரும் பாவம்.

ஹாலில் இருந்த நாற்பது பேரும் என்னோடு பேஸ்மென்டுக்கு இறங்கினார்கள். புடவைத் தலைப்பும் கைக்குட்டையுமாக மூக்கைப் பொத்திக்கொண்டு தொட்டியைச் சுற்றி நின்றார்கள். நான் மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, கறுத்த தண்ணீரைக் காட்டி, எது சாகிறது, எது பிழைத்தால் எல்லாம் சரியாகும், ப்ளோயருக்கு அடியில் என்ன ரப்பர் வைத்தால் சத்தம் குறையும் என்று சொன்னேன். ஸ்லைடு இல்லை, மைக் இல்லை, ஜோக்கும் இல்லை. ஒருவர்கூடக் கொட்டாவி விடவில்லை. வாயைத் திறக்கவே யாருக்கும் தைரியமில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த மேடையிலும் பேசியதில்லை. சுனில் கோட்டால் முகத்தை மூடிக்கொண்டு படிக்கட்டிலேயே நின்றுவிட்டான்.

கான்ட்ராக்ட் தாளை வைக்க இடமில்லாததால் மஞ்சுநாத் குனிந்து முதுகைக் கொடுத்தான். பத்மாவதி அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாப் பக்கத்தையும் படித்தார். ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினார். தன் கையால் கீழே ஒரு வரி சேர்த்தார், ஒவ்வொரு சனிக்கிழமையும் ஸ்டெல்லா மேடமே நேரில் வந்து மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்று. அதற்கடியில் கையெழுத்துப் போட்டார்.

"நீ மேல பேசினது ஒண்ணும் என் மனசுல நிக்கலம்மா. மூக்கைச் சுளிச்சே பாரு, அப்பதான் உன்னை நம்பலாம்னு தோணிச்சு."

முரளி சார் சொன்ன வார்த்தை மாறவில்லை, சீட் எனக்கே கிடைத்தது. ஆனால் விஷயம் பரவி, இப்போது ஆறு அபார்ட்மென்ட் ஆளுக்கொரு கிழமை போட்டு அதே வரியைச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. ஆகவே வாரத்தில் ஆறு நாளும் நான் எங்காவது ஒரு மூடியைத் திறந்துகொண்டுதான் இருக்கிறேன். சந்தாபுராவில் பாட்டில் பாட்டிலாக வந்தது இங்கே தொட்டி தொட்டியாக இருக்கிறது.

எந்த நாற்றத்திலிருந்து தப்பிக்க மைக்கைப் பிடித்தேனோ அந்த நாற்றத்துக்குப் பக்கத்தில் போய் நின்றபோதுதான் இந்த ஊரில் நாற்பது பேர் நான் பேசுவதைக் கேட்டார்கள் என்பதால், பிரசன்டேஷன் நன்றாக அமைய என்ன செய்ய வேண்டும் என்று யாராவது கேட்டால் முதலில் ஜன்னலைத் திறக்கச் சொல்கிறேன்.